வின்னிபெக் எப்படித் தென்கிழக்கானது? என்.எச்.எல். லீக்கின் கலைக்கப்பட்ட ஒரு பிரிவின் வரலாறு

வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி (பனித்தள ஹாக்கி) லீக்கான தேசிய ஹாக்கி லீக் எனப்படும் என்.எச்.எல். தொடரின் பழைய புள்ளிப் பட்டியல்களைப் புரட்டுகிறவர்கள் 2011-12, 2012-13 ஆகிய இரு பருவங்களுக்கு வரும்போது சற்றுத் திகைப்பதுண்டு. குளிர்காலத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 20, 30 பாகை வரை இறங்கும் கனடிய நகரமான வின்னிபெக்கின் அணி, ஃபுளோரிடா மாநிலத்தின் இரண்டு அணிகளோடு சேர்ந்து ‘சவுத்ஈஸ்ட் டிவிஷன்’, அதாவது தென்கிழக்குப் பிரிவு என்ற தலைப்பின் கீழ் இடம்பெற்றிருக்கும். இது அச்சுப் பிழையன்று. 1998 முதல் 2013 வரை இருந்து கலைக்கப்பட்ட அந்தப் பிரிவு எதற்காக உருவாக்கப்பட்டது, எந்த விதி அதற்குக் கெட்ட பெயரைத் தேடித் தந்தது என்பவற்றை அறிந்தால்தான் இந்த விநோதம் விளங்கும்.

பிரிவு என்றால் என்ன?

என்.எச்.எல். அணிகள் கிழக்கு, மேற்கு என இரண்டு கான்ஃபரன்ஸ்களாகவும், ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் சில பிரிவுகளாகவும் பகுக்கப்படுகின்றன. நாம் பேசும் காலத்தில் ஓர் அணி ஒரு பருவத்தில் 82 ஆட்டங்கள் ஆடியது. வெற்றிக்கு 2 புள்ளிகள். 1999-2000 பருவத்திலிருந்து, கூடுதல் நேரத்தில் தோற்ற அணிக்கும் 1 புள்ளி. பருவ முடிவில் ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலிருந்தும் 8 அணிகள் பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழைந்து, லீக்கின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பைக்காக மோதும்.

ஓர் அணி எந்தப் பிரிவில் இருக்கிறது என்பது மூன்று விஷயங்களை நிர்ணயித்தது.

1. யாரோடு அதிகம் ஆடுவது. 2005-06 முதல் மூன்று பருவங்களில் ஒரே பிரிவைச் சேர்ந்த எதிரணி ஒவ்வொன்றோடும் 8 ஆட்டங்கள் ஆட வேண்டியிருந்தது. 2008-09 முதல் அது 6 ஆகக் குறைந்தது.

2. எவ்வளவு பயணம் செய்வது. பிரிவுக்குள் ஆட்டங்கள் மிகுதி என்பதால், பிரிவின் புவியியல் பரப்பு எவ்வளவோ அவ்வளவு அலைச்சல்.

3. பிளே-ஆஃபில் எந்த வரிசை எண் கிடைப்பது. தென்கிழக்குப் பிரிவைப் பற்றிய சர்ச்சைகளில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் கிளம்பின.

1998: வரைபடத்தை வைத்துப் போட்ட கோடுகள்

1974 முதல் 1993 வரை லீக்கின் நான்கு பிரிவுகளும் ஆடம்ஸ், நாரிஸ், பேட்ரிக், ஸ்மைத் என்று பழைய ஹாக்கி பிரமுகர்களின் பெயர்களைத் தாங்கியிருந்தன. 1993 பிப்ரவரியில் ஆணையராகப் பொறுப்பேற்ற கேரி பெட்மன், கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யின் நிர்வாகத்திலிருந்து வந்தவர். ஹாக்கியை அறியாத அமெரிக்க ரசிகருக்கு நாரிஸ் என்றால் ஒன்றும் விளங்காது, மத்தியப் பிரிவு என்றால் விளங்கும் என்ற கணக்கில் எல்லாம் திசைப் பெயர்களாக மாறின. பழைய ரசிகர்கள் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

லீக் தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த காலம் அது. டாம்பா பே லைட்னிங் 1992-லும், ஃபுளோரிடா பாந்தர்ஸ் 1993-லும் புதிதாகச் சேர்ந்தன. கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் வேலர்ஸ் 1997-ல் வட கரோலினாவுக்குக் குடிபெயர்ந்து கரோலினா ஹரிகேன்ஸ் ஆனது. அம்மாநிலத் தலைநகரான ராலேயில் அரங்கம் தயாராகாததால் முதல் இரண்டு பருவங்களை அது கிரீன்ஸ்பரோவில் ஆடிக் கழித்தது. அதே 1997-ல் நாஷ்வில், அட்லாண்டா, கொலம்பஸ், மினசோட்டா ஆகிய நான்கு இடங்களுக்குத் தலா 8 கோடி டாலர் கட்டணத்தில் புதிய அணிகள் வழங்கப்பட்டன. 2000-ஆம் ஆண்டில் 30 அணிகள் ஆகிவிடும் என்பது உறுதியானதும், நான்கு பிரிவுகளை ஆறாக்கி, பிரிவுக்கு ஐந்து அணிகள் என்று லீக் தீர்மானித்தது. புதிதாகப் பிறந்தவை வடமேற்கும் தென்கிழக்கும்.

தென்கிழக்கில் 1998-99-ல் கரோலினா, ஃபுளோரிடா, டாம்பா பே, வாஷிங்டன் கேபிடல்ஸ் ஆகிய நான்கும் வைக்கப்பட்டன. மறு ஆண்டு அட்லாண்டா த்ராஷர்ஸ் ஐந்தாவதாகச் சேர்ந்தது. வரைபடத்தைப் பார்த்தால் குறை சொல்ல முடியாத ஏற்பாடுதான். ஆனால் ஹாக்கிப் பகை வரைபடத்தில் முளைப்பதில்லை. இந்த ஐந்தில் தன் ஊரில் வேரூன்றிய பழைய அணி என்று சொல்லத்தக்கது 1974-ல் தொடங்கிய வாஷிங்டன் மட்டுமே. 1979 முதல் பேட்ரிக் பிரிவில் ஃபிலடெல்ஃபியா, பிட்ஸ்பர்க், நியூயார்க்கின் இரு அணிகள் ஆகியவற்றோடு மோதி மோதி வளர்ந்த அணி அது. அதைப் பிடுங்கி, தங்கள் ஊர்களுக்கு வந்து பத்து ஆண்டுகூட ஆகாத அணிகளுக்கு நடுவே நட்டார்கள். வாஷிங்டன் அரங்கம் பிட்ஸ்பர்க் வந்தால் கொதிக்கும். ஃபுளோரிடா வந்தால் கொதிக்க ஒரு காரணமும் இருக்கவில்லை.

மூன்றாம் இட விதி

1998 மாற்றத்தோடு வந்த விதி இது: கான்ஃபரன்ஸின் மூன்று பிரிவுகளிலும் முதலிடம் பெறும் அணிகளுக்கே பிளே-ஆஃப் வரிசையில் முதல் மூன்று இடங்கள். மற்ற ஐந்து இடங்கள் புள்ளிகளின்படி. அதாவது, ஒரு பிரிவு முழுவதுமே பலவீனமாக இருந்தாலும் அதில் முதலாவதாக வரும் அணிக்குக் குறைந்தது மூன்றாம் இடம் உறுதி. மூன்றாம் இடம் என்றால் முதல் சுற்றில் ஆறாம் இடத்து அணியோடு மோதல். ஏழு ஆட்டங்கள் கொண்ட தொடரில் முதலாவது, இரண்டாவது, ஐந்தாவது, ஏழாவது ஆட்டங்கள் சொந்த அரங்கில்.

விதி அமலான முதல் ஆண்டிலேயே அதன் கோணல் வெளிப்பட்டது. 1998-99-ல் கரோலினா 86 புள்ளிகளோடு தென்கிழக்கின் முதலிடத்தைப் பிடித்தது. அந்த ஆண்டு கிழக்கிலிருந்து தகுதி பெற்ற எட்டு அணிகளிலும் மிகக் குறைந்த புள்ளிகள் அதனுடையவைதான். 97 புள்ளி பெற்ற டொராண்டோ அதற்கு அடுத்த நான்காம் இடத்தில் உட்கார நேர்ந்தது. 2001-02-லும் கரோலினாவே 91 புள்ளிகளுடன் மூன்றாம் இடம் பெற்றது. புள்ளிகளை மட்டும் பார்த்தால் அது ஏழாவது. அந்த முறை அவர்கள் நியூ ஜெர்சி, மான்ட்ரியல், டொராண்டோ மூன்றையும் ஆறாறு ஆட்டங்களில் வீழ்த்தி இறுதித் தொடர் வரை சென்று டெட்ராய்ட்டிடம் தோற்றார்கள். டொராண்டோ அவர்களைவிட 9 புள்ளிகள் அதிகம் பெற்றிருந்தும், கான்ஃபரன்ஸ் இறுதியில் சொந்த அரங்கச் சாதகம் கரோலினாவுக்குத்தான் இருந்தது.

இந்த விதியை முட்டாள்தனம் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பிரிவுக்குள் ஆட்டங்கள் அதிகம் என்பதால் வெவ்வேறு பிரிவு அணிகளின் புள்ளிகளை நேரடியாக ஒப்பிடுவது முழு நியாயமாகாது. பிரிவை வெல்வதற்குப் பரிசு இல்லையென்றால் பிரிவு என்பதற்கே பொருளில்லை. ஆனால் பலவீனமான எதிரணிகளோடு அதிகம் ஆடுவதும் சாதகம், அதன் பிறகு உறுதியான இடமும் சாதகம் என்றால், ஒரே சலுகை இரண்டு முறை வழங்கப்படுகிறது. மற்ற பிரிவுகளின் ரசிகர்களுக்கு இருந்த எரிச்சலில் நியாயம் உண்டு.

பதினான்கு பருவங்களின் கணக்கு

2004-05 பருவம் கதவடைப்பால் முழுமையாக ரத்தானது. அது போக, தென்கிழக்குப் பிரிவு 14 பருவங்கள் கண்டது. வாஷிங்டன் 7 முறை, கரோலினா 3 முறை, டாம்பா பே 2 முறை, அட்லாண்டாவும் ஃபுளோரிடாவும் தலா ஒரு முறை முதலிடம் பெற்றன. தொடக்க கால ஐந்து அணிகளும் ஒரு முறையாவது வென்றிருப்பதைப் பார்த்து அது சமநிலையான பிரிவு என்று நினைத்துவிடக் கூடாது. பிளே-ஆஃபுக்கு எத்தனை அணிகள் சென்றன என்பதுதான் சரியான அளவுகோல்.

கிழக்கின் 15 அணிகளில் 8-க்கு இடம் என்றால், ஐந்து அணிகள் கொண்ட பிரிவுக்குச் சராசரியாக இரண்டரைக்குச் சற்று மேல் வர வேண்டும். தென்கிழக்கிலிருந்து எந்த ஒரு பருவத்திலும் இரண்டுக்கு மேல் சென்றதேயில்லை. ஆறு பருவங்களில் (1998-99, 2001-02, 2003-04, 2007-08, 2009-10, 2012-13) முதலிடம் பெற்ற அணி மட்டுமே தகுதி பெற்றது. மற்ற எட்டுப் பருவங்களில் இரண்டிரண்டு. மொத்தம் 22 இடங்கள்.

இந்த எண்ணிக்கையைச் சொல்லி அந்தப் பிரிவைக் கேலி செய்தவர்களுக்குப் பதிலாக இரண்டு ஸ்டான்லி கோப்பைகள் உள்ளன. 2004-ல் டாம்பா பே கால்கரியையும், 2006-ல் கரோலினா எட்மன்டனையும் ஏழு ஆட்டத் தொடர்களில் வென்றன. இடையில் ஒரு பருவம் ரத்தானதால், அடுத்தடுத்து நடந்த இரண்டு பருவங்களின் கோப்பைகள் இவை. இவற்றுக்கும் மூன்றாம் இடச் சலுகைக்கும் தொடர்பில்லை: 2003-04-ல் 106 புள்ளிகளுடன் டாம்பா பேதான் கிழக்கிலேயே முதலிடம், 2005-06-ல் 112 புள்ளி பெற்ற கரோலினா, ஒட்டாவாவுக்கு ஒரே ஒரு புள்ளி பின்னால் இருந்தது.

பிரிவை அதிக முறை வென்ற வாஷிங்டனின் கதை நேர்மாறானது. 2007-08-ல் பருவத்தின் நடுவே பயிற்சியாளரை மாற்றி, அலெக்சாண்டர் ஒவெச்கினின் 65 கோல்களின் பலத்தில் அடிமட்டத்திலிருந்து ஏறி வந்து பிரிவை வென்றது முதல், தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அது முதலிடம். 2009-10-ல் 121 புள்ளிகளோடு லீக் முழுவதிலும் முதலாவதாக வந்து, முதல் சுற்றிலேயே 88 புள்ளி அணியான மான்ட்ரியலிடம், தொடரில் 3-1 என முன்னிலை பெற்றிருந்தும் தோற்றது. 2011-ல் இரண்டாம் சுற்றில் அதே பிரிவைச் சேர்ந்த டாம்பா பே அதை 4-0 என வெளியேற்றியது. பிரிவை வென்ற ஏழு ஆண்டுகளில் ஒருமுறைகூட வாஷிங்டன் இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. பலவீனமான எதிரணிகளோடு பருவம் முழுவதும் ஆடிப் பழகியதே காரணம் என்று அப்போது பலரும் எழுதினார்கள். என் பார்வையில் அந்த வாதம் பாதிக்கு மேல் நிற்காது, ஏனெனில் 2004, 2006 அணிகளும் அதே அட்டவணையில் ஆடியவைதான்.

2011-12: விதியின் உச்சக் கட்டம்

அந்தப் பருவத்தின் இறுதிப் பட்டியலைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. ஃபுளோரிடா 94, வாஷிங்டன் 92, டாம்பா பே 84, வின்னிபெக் 84, கரோலினா 82 புள்ளிகள்.

முதலிடம் பெற்ற ஃபுளோரிடாவின் வெற்றிகள் 38 மட்டுமே. 82 ஆட்டங்களில் பாதிக்கும் குறைவு. இரண்டாவதாக வந்த வாஷிங்டனுக்கு 42 வெற்றிகள். மூன்றாவதாக வந்த டாம்பா பேயும் ஃபுளோரிடாவைப் போலவே 38 வெற்றிகள் பெற்றிருந்தது. வித்தியாசத்தை உண்டாக்கியது, கூடுதல் நேரத்திலோ அதன் பிறகான ஷூட்அவுட்டிலோ (வீரர்கள் ஒவ்வொருவராகக் கோல்காப்பாளரை எதிர்கொள்ளும் முடிவுச் சுற்று) ஃபுளோரிடா தோற்ற 18 ஆட்டங்கள். தோல்விக்கும் ஒரு புள்ளி என்பதால் அந்த 18 தோல்விகளே அதை முதலிடத்தில் உட்கார வைத்தன.

புள்ளிகளில் கிழக்கின் ஆறாவது அணியான ஃபுளோரிடாவுக்கு விதிப்படி மூன்றாம் இடம். 48 வெற்றிகளோடு 102 புள்ளி பெற்ற நியூ ஜெர்சி டெவில்ஸுக்கு ஆறாம் இடம். முதல் சுற்றில் இரண்டும் மோதின; ஏழாவது ஆட்டம், 8 புள்ளிகள் குறைவாகப் பெற்றிருந்த ஃபுளோரிடாவின் அரங்கில் நடந்தது. இரண்டாவது கூடுதல் நேரப் பகுதியில் ஆடம் ஹென்ரிக் அடித்த கோலால் நியூ ஜெர்சி தப்பியது. அதன் பிறகு இறுதித் தொடர் வரையும் சென்றது. ஃபுளோரிடாவோ மறு பருவத்தில் லீக்கின் 30 அணிகளில் கடைசி இடத்துக்கு வந்து சேர்ந்தது.

அட்லாண்டா போனது, வின்னிபெக் வந்தது

அட்லாண்டாவுக்கு ஏற்கெனவே ஓர் அணி இருந்து போயிருந்தது: 1972-ல் தொடங்கிய ஃபிளேம்ஸ், 1980-ல் கால்கரிக்கு மாறியது. இரண்டாம் முயற்சியான த்ராஷர்ஸ் பிரிவை வென்றது 2006-07-ல் ஒரே முறை; அந்த ஆண்டு பிளே-ஆஃபில் நியூயார்க் ரேஞ்சர்ஸிடம் 4-0 என்று தோற்றதுதான் அந்த அணி ஆடிய ஒரே பிளே-ஆஃப் தொடர். உரிமையாளர்களுக்குள் நீண்ட வழக்குகள் நடந்தன. நட்சத்திர வீரர் இல்யா கோவல்சுக் 2010-ல் நியூ ஜெர்சிக்கு மாற்றப்பட்டார். 2011 மே 31 அன்று, அணி வின்னிபெக்கைச் சேர்ந்த ட்ரூ நார்த் நிறுவனத்துக்கு விற்கப்படுவதாக அறிவிப்பு வெளியானது. 1996-ல் தன் பழைய ஜெட்ஸ் அணியை ஃபீனிக்ஸுக்கு இழந்திருந்த நகரம், அதே பெயரில் மறுபடி ஓர் அணியைப் பெற்றது.

அடுத்த பருவத்துக்கு நான்கே மாதங்கள் இருந்த நிலையில் பிரிவுகளை மாற்றியமைக்க நேரமில்லை. ஆகவே வின்னிபெக் அட்லாண்டாவின் நாற்காலியிலேயே அமர்த்தப்பட்டது. விளைவாக, சுமார் 3,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தெற்கு ஃபுளோரிடாவுக்கு ஒரே பருவத்தில் மூன்று ஆட்டங்களுக்காகவும், பிரிவு எதிரணிகளின் ஊர்களுக்கு மொத்தம் பன்னிரண்டு ஆட்டங்களுக்காகவும் அது பறக்க வேண்டியிருந்தது. மற்ற நான்கு அணிகளுக்கும் வின்னிபெக் பயணம் அதே அளவு சுமை.

ஓராண்டு ஏற்பாடாக நினைத்தது இரண்டாண்டானதற்குக் காரணம் வீரர்கள் சங்கம். 2011 டிசம்பரில் அணி உரிமையாளர்களின் பிரதிநிதிகள் அடங்கிய லீக்கின் ஆளுநர் குழு நான்கு தொகுதிகள் கொண்ட புதிய திட்டத்தை ஏற்றது: இரண்டில் எட்டு அணிகள், இரண்டில் ஏழு அணிகள், ஒவ்வொன்றிலிருந்தும் நான்கு அணிகளுக்கு பிளே-ஆஃப். ஏழு அணித் தொகுதியில் இருப்பவர்களுக்கு வாய்ப்பு ஏழில் நான்கு; எட்டு அணித் தொகுதியில் எட்டில் நான்கு. இந்த ஏற்றத்தாழ்வையும் பயணச் சுமை பற்றிய ஐயங்களையும் சுட்டிக்காட்டி 2012 ஜனவரியில் சங்கம் ஒப்புதல் மறுத்தது. ஊதிய ஒப்பந்தம் அந்த ஆண்டு முடிவுக்கு வரவிருந்ததும் இரு தரப்பும் அறிந்த பின்னணி. செப்டம்பரில் கதவடைப்பு தொடங்கியது. 2013 ஜனவரி 19 அன்று ஆரம்பித்த 48 ஆட்டப் பருவத்திலும் பழைய பிரிவுகளே நீடித்தன. அதில் வின்னிபெக் 51 புள்ளிகளோடு தென்கிழக்கில் இரண்டாமிடம், கிழக்கில் ஒன்பதாமிடம், பிளே-ஆஃபுக்கு வெளியே.

கலைப்பும் அதற்குப் பின்னும்

2013 மார்ச்சில், இம்முறை சங்கத்தின் இசைவோடு, நான்கு பிரிவுத் திட்டம் நிறைவேறியது. வின்னிபெக் மேற்கின் மத்தியப் பிரிவுக்குச் சென்றது. கிழக்கு நேர மண்டலத்தில் இருந்துகொண்டு பல ஆண்டுகளாக மேற்கில் ஆடிய டெட்ராய்ட்டும் கொலம்பஸும் கிழக்குக்கு வந்தன. வாஷிங்டனும் கரோலினாவும் மெட்ரோபாலிட்டன் பிரிவில் சேர்ந்தன. வாஷிங்டன் தன் பழைய பேட்ரிக் காலப் பகைவர்களிடம் திரும்பிய நிகழ்வு இது. ஃபுளோரிடாவின் இரு அணிகள் மட்டும் பாஸ்டன், மான்ட்ரியல், டொராண்டோ போன்ற வடக்கத்திய அணிகளோடு அட்லாண்டிக் பிரிவில் வைக்கப்பட்டன. வரைபடத்தில் இது பொருத்தமற்றது; ஆனால் குளிர்காலத்தைக் கழிக்க ஃபுளோரிடா வரும் கனடியர்களும் வடகிழக்கு அமெரிக்கர்களும் ஏராளம் என்பதால் அரங்கம் நிறையும் என்ற கணக்கு இருந்தது.

மூன்றாம் இட விதி ஒழிந்ததா என்றால், உருமாறியது என்பதே சரி. இப்போது ஒவ்வொரு பிரிவின் முதல் மூன்று அணிகளுக்கும் இடம் உறுதி. கான்ஃபரன்ஸின் மீதி இரண்டு இடங்கள், பிரிவைப் பாராமல் புள்ளிகளின்படி தரப்படும் ‘வைல்டு கார்டு’. 2016-17-ல் ரேஞ்சர்ஸ் 102 புள்ளிகள் பெற்றும் மெட்ரோபாலிட்டனில் நான்காவதாக வந்ததால் வைல்டு கார்டு ஆனது. அட்லாண்டிக்கில் 98 புள்ளி பெற்ற ஒட்டாவாவும் 95 புள்ளி பெற்ற பாஸ்டனும் பிரிவு இடங்களைப் பெற்றன. அதே ஆண்டு 111 புள்ளி பிட்ஸ்பர்க்கும் 108 புள்ளி கொலம்பஸும் முதல் சுற்றிலேயே மோதிக்கொள்ள நேர்ந்தது.

இனி, அந்தப் பிரிவின் அணிகளைப் பற்றி. 2018 முதல் 2025 வரையிலான எட்டு ஸ்டான்லி கோப்பைகளில் ஐந்தை முன்னாள் தென்கிழக்கு அணிகளே வென்றன: வாஷிங்டன் 2018, டாம்பா பே 2020, 2021, ஃபுளோரிடா 2024, 2025. 2020 முதல் 2025 வரை ஒவ்வோர் இறுதித் தொடரிலும் ஃபுளோரிடா மாநிலத்தின் ஏதேனும் ஓர் அணி இருந்தது. அம்மாநிலத்தில் மாநில வருமான வரி இல்லாததால், ஓர் அணியின் மொத்த ஊதியத்துக்கு 2005 முதல் நடைமுறையிலுள்ள உச்சவரம்புக்குள் வீரர்களை மலிவாக ஒப்பந்தம் செய்ய முடிகிறது என்பது இதற்கு அடிக்கடி சொல்லப்படும் விளக்கம். அது ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஆனால் உச்சவரம்பும் வரியின்மையும் சேர்ந்தே இருந்த 2006 முதல் 2013 வரையிலான பருவங்களில் டாம்பா பே மூன்று முறையும் ஃபுளோரிடா ஒரே முறையும்தான் பிளே-ஆஃபை எட்டின. அதே வரிச் சலுகை கொண்ட டென்னசியின் நாஷ்வில் இன்னும் ஒரு கோப்பையும் வெல்லாத நிலையிலேயே 2025-ஐ முடித்தது.